இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிக்கிட்டிருந்த பதிவு இது. ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கறது வெளியில சொல்ற காரணம். எழுத உட்கார்ந்தாலே மாமா ஞாபகம் வந்து மூடி வச்சிடறேன்ங்கறதுதான் நிஜம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்தருள்க.

மாமான்னா அம்மாவோட தம்பி. சென்டரிங் வேலை. ரெண்டாவது மாடி சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைஞ்சு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிடுச்சு. பக்கத்து டவுன்ல ஒரு தனியார் மருத்துவமனையில சேர்த்தோம் (பேரெல்லாம் வேணாம்). ஆபரேஷன் நல்லபடியாவே நடந்துச்சு. பிளேட்டும் ஸ்க்ரூவும் வச்ச எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்துல மாட்டிக் காட்டினப்போ, கம்பி கட்டின பில்லரைப் பார்த்த மாதிரி எங்க எல்லாருக்கும் ஒரு தெம்பு.

பதினெட்டாவது நாள் அத்தை போன் பண்ணி, "என்னமோ வாடை அடிக்குதுப்பா"ன்னாங்க. நான் போனப்போ ஆயாம்மா மாமாவைப் புரட்டிக் காட்டினாங்க. வால் எலும்பு இருக்கற இடத்துல என் உள்ளங்கை அளவுக்குப் புண். நடுவுல வெள்ளையா தெரிஞ்சது எலும்பு. மாமா என்னைப் பார்த்து, "என்னடா அப்படிப் பார்க்கற, பின்னாடி என்ன?"ன்னு கேட்டார். அவருக்கு வலிக்கவே இல்லை. பிரச்சனையே அதுதான்.

ஆபரேஷன் பண்ணின காயம் ரெண்டு வாரத்துல ஆறிப்போச்சு. இந்தப் படுக்கைப் புண் ஆற ஏழு மாசம் ஆச்சு. அங்க யாரும் கெட்டவங்க இல்லை. நர்ஸ்கள் ராத்திரி முழுக்க ஓடிக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஆனா ஒருத்தர்கூட எங்ககிட்ட "இவரைத் திருப்பிப் படுக்க வைங்க"ன்னு சொல்லலை. மாறா, "அசைக்காம வச்சிருங்க"ன்னு சொன்னாங்க. நாங்களும் சொன்ன பேச்சைக் கேட்டு பதினெட்டு நாள் அசைக்காம வச்சிருந்தோம்.

அதுக்கப்புறம்தான் இதைப் பத்தி வாசிக்க ஆரம்பிச்சேன். வாசிக்க வாசிக்க எனக்குக் கோபம் வந்ததுக்குக் காரணம், இந்த விஷயம் 1944லேயே தீர்த்து வச்ச விஷயம்ங்கறதுதான்.

அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு முதல்ல பார்த்துடலாம். எகிப்துல கிடைச்ச எட்வின் ஸ்மித் பாப்பிரஸ்னு ஒரு பழைய மருத்துவச் சுவடி இருக்கு. சுமார் 3600 வருஷத்துக்கு முந்தைய பிரதி. கழுத்தெலும்பு விலகி கை கால் உணர்ச்சி போனவனைப் பத்தி அதுல துல்லியமா வர்ணிச்சிட்டு, கடைசியில இது வைத்தியம் பண்ற நோய் இல்லைன்னு முடிச்சிருக்கு. 1805ல டிராஃபால்கர் சண்டையில நெல்சனுக்கு குண்டு முதுகெலும்பில பாய்ஞ்சப்போ, கப்பல் டாக்டர் வில்லியம் பீட்டியும் அவர்கிட்ட அதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. மூவாயிரத்துச் சொச்சம் வருஷத்துல வைத்தியம் ஒரு அடிகூட நகரலை. முதல் உலகப் போர்ல முதுகுத்தண்டு அடிபட்ட சிப்பாய்கள்ல பத்துக்கு எட்டு பேர் செத்துப்போனாங்க. பெரிய ஆளா இருந்தாலும் தப்பிக்க முடியலை. அமெரிக்க ஜெனரல் பேட்டன், உலகப் போரையே முடிச்சுட்டு, 1945 டிசம்பர்ல ஜெர்மனியில ஒரு சாதாரண கார் விபத்துல கழுத்து உடைஞ்சு பன்னிரண்டாவது நாள் இறந்துட்டார்.

இவங்கள்ல நிறைய பேர் எதனால செத்தாங்கங்கறதுலதான் விஷயமே இருக்கு. எலும்பு உடைஞ்சதால இல்லை. நாம தூங்கும்போது நம்மை அறியாமலே புரண்டு படுக்கறோம். ஒரே இடத்துல அழுந்தினா அங்க ரத்தம் ஓடாது, சுருக்குன்னு இருக்கும், உடம்பு தானா நகர்ந்துக்கும். உணர்ச்சி இல்லாதவனுக்கு அந்தச் சுருக் வராது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல மாட்டின தோலும் சதையும் சில மணி நேரத்துலயே சாக ஆரம்பிச்சிடும். அப்புறம் அழுகல், சீழ், ரத்தத்துல விஷம். இன்னொரு பக்கம் மூத்திரப்பை. நிரம்பினது தெரியாது, தானா போகவும் செய்யாது. தேங்கி, கிருமி சேர்ந்து, கிட்னி வரைக்கும் போகும். ஆக மனுஷனைக் கொன்னது தோலும் மூத்திரமும். எங்க பாஷையில சொன்னா, பக் இருந்த இடம் வேற, எல்லாரும் டீபக் பண்ணிக்கிட்டிருந்த இடம் வேற.

இதைப் பிடிச்சவர் லுட்விக் குட்மான். 1899ல அன்னிக்கு ஜெர்மனியில இருந்த மேல் சைலீசியாவில பிறந்த யூதர். 1917ல, காலேஜ் போறதுக்கு முன்னாடி, சுரங்கத் தொழிலாளிகளுக்கான ஒரு ஆஸ்பத்திரியில வார்டு பையனா இருந்திருக்கார். நல்லா வாட்டசாட்டமான ஒரு நிலக்கரித் தொழிலாளியை முதுகு உடைஞ்சு தூக்கிட்டு வந்தாங்க. குட்மான் அவரைப் பத்திக் குறிப்பு எழுத ஆரம்பிச்சப்போ, அதெல்லாம் வீண் வேலை, இன்னும் சில வாரத்துல போயிடுவான்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. சொன்ன மாதிரியே போயிட்டார். அந்த முகம் கடைசி வரைக்கும் தன் மனசை விட்டுப் போகலைன்னு குட்மான் பின்னாடி சொல்லியிருக்கார்.

அப்புறம் பெரிய நரம்பியல் நிபுணர் ஆனார். நாஜிகள் வந்ததும் வேலை போச்சு, பிரெஸ்லாவ் நகரத்து யூத ஆஸ்பத்திரிக்கு வந்தார். 1938 நவம்பர்ல யூதர்களோட கோயில்களையும் கடைகளையும் கொளுத்தின அந்த ராத்திரி, ஆஸ்பத்திரி வாசலுக்கு யார் வந்தாலும் கேள்வி கேட்காம அட்மிட் பண்ணுங்கன்னு உத்தரவு போட்டார். 64 பேர் வந்து படுத்துக்கிட்டாங்க. மறுநாள் கெஸ்டபோ வந்தப்போ, இவரே கூட நடந்து ஒவ்வொரு கட்டிலா நின்னு, இல்லாத வியாதியெல்லாம் சொல்லி 60 பேரைக் காப்பாத்தியிருக்கார். இதை மட்டுமே வச்சு ஒரு தனிப் பதிவு போடலாம். அடுத்த வருஷம் பொண்டாட்டி பிள்ளைகளோட இங்கிலாந்துக்குத் தப்பிச்சுப் போனார்.

பிரான்ஸ் கரையில படை இறக்கப் போறோம், முதுகுல அடிபட்டு நிறைய பேர் வருவாங்கன்னு பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு முன்கூட்டியே தெரியும். அதுக்காக லண்டனுக்கு வடமேற்கே ஸ்டோக் மாண்டவில்ங்கற இடத்துல ஒரு பிரிவு தொடங்கி இவரைக் கூப்பிட்டாங்க. என் இஷ்டப்படி விடறதா இருந்தா வர்றேன்னு கண்டிஷன் போட்டு வந்தார். 1944 பிப்ரவரி 1. ராணுவத் தகர ஷெட் மாதிரி ஒரு கட்டடம், 26 கட்டில்.

அவர் என்ன மருந்து கண்டுபிடிச்சார்னு நானும் தேடினேன். மருந்தே இல்லைங்க. நோயாளிகளைச் சுத்தி ஊத்தி வச்சிருந்த மாவுக்கட்டையெல்லாம் கழட்டிப் போட்டார். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பகலோ ராத்திரியோ, ஒவ்வொருத்தரையும் திருப்பிப் படுக்க வைக்கணும்னார். அவ்வளவுதான். க்ரான் ஜாப் மாதிரி, விடாம. இதுக்குன்னே ஆட்களை வச்சார். ராத்திரி ரெண்டு மணிக்குத் தானே வார்டுக்கு வந்து நிப்பாராம், திருப்பறாங்களா இல்லையான்னு பார்க்க. மூத்திரம் எடுக்கற டியூபை ஆரம்பத்துல டாக்டர்கள்தான் போடணும், அதுவும் கிருமி படாம போடணும்னு கறாரா இருந்தார். இப்படிப் பெரிய டாக்டர்கள் கௌரவக் குறைச்சல்னு நினைச்ச வேலைகள்தான் உசிரைக் காப்பாத்துச்சு.

உசிர் பிழைச்சாச்சு, அடுத்து? இங்கதான் இந்த மனுஷன் இன்னும் ஒரு படி மேல போறார். பிழைச்சவன் கூரையைப் பார்த்துக்கிட்டு நாற்பது வருஷம் படுத்திருக்கவா பிழைக்க வச்சோம்னு, காலையில எல்லாருக்கும் வேலை கொடுத்தார். மரவேலை, டைப்பிங், கடிகாரம் ரிப்பேர். பேஷன்ட்டுங்க திட்டியிருக்காங்க, இதுக்கு ராணுவமே தேவலாம்னு. சாயங்காலம் விளையாட்டு. சக்கர நாற்காலியில உட்கார்ந்து போலோ ஆட ஆரம்பிச்சு, அடிதடி ஜாஸ்தியானதால நிறுத்தினாங்களாம். :) 1948 ஜூலை 29, லண்டன்ல ஒலிம்பிக்ஸ் தொடங்கின அதே நாள், ஆஸ்பத்திரிப் புல்வெளியில 16 பேர் வில்வித்தைப் போட்டியில கலந்துக்கிட்டாங்க. அதுல ரெண்டு பேர் பெண்கள். அந்தப் புல்வெளிதான் 1960ல ரோமுக்குப் போய், இன்னிக்கு பாராலிம்பிக்ஸா நிக்குது. 2016ல ரியோவில நம்ம சேலம் பக்கத்து மாரியப்பன் தங்கம் தாண்டினப்போ ஊரே கைதட்டுச்சே, அதோட வேர் ஒரு படுக்கைப் புண் வார்டுல இருக்கு.

சரி, இங்கிலாந்து கதை போதும். நம்ம ஊருக்கு இது எப்படி வந்துச்சு? எனக்கு இதுல பிடிச்ச பகுதியே இதுதான்.

பால் பிராண்ட்னு ஒரு டாக்டர். வெள்ளைக்காரர்தான், ஆனா பிறந்தது 1914ல நம்ம கொல்லிமலையில. 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில விரல்கள் அழுகி விழறது நோயோட வேலைன்னு அதுவரைக்கும் நம்பிக்கிட்டிருந்தாங்க. இல்லை, நரம்பு செத்து வலி தெரியாம போறதாலதான், சூடு பட்டும் வெட்டுப்பட்டும் தேய்ஞ்சு போகுதுன்னு அவர் கண்டுபிடிச்சார். ராத்திரி நல்லா இருந்த விரல் காலையில காணாமப் போறது ஏன்னு காவல் இருந்து பார்த்தா, எலி கடிச்சிருக்கு, தூங்கினவருக்குத் தெரியலை. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போற தொழுநோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினாங்க! மருந்துச் சீட்டோட பூனை. இதைப் படிச்சிட்டு நான் அரை மணி நேரம் வேற எதுவும் படிக்கலை. மாமா முதுகுல இருந்த புண்ணும் அந்த விரலும் ஒண்ணுதான். வலி இல்லாததால வந்த புண்.

அதே சி.எம்.சி.யில படிச்சு அங்கேயே வேலை பார்த்துக்கிட்டிருந்த இளம் டாக்டர் மேரி வர்கீஸ். கேரளாவுல 1925ல பிறந்தவர். பெண்கள் மருத்துவத்துல மேற்படிப்பு படிக்கணும்னு ஆசை. 1954 ஜனவரி 30, சக டாக்டர்களோட வண்டியில உல்லாசப் பயணம் போனப்போ வண்டி கவிழ்ந்துச்சு. முகத்துல பெரிய காயம், இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லை. நேத்து வரைக்கும் ரவுண்ட்ஸ் போன வார்டுல இப்போ கட்டில்ல.

பால் பிராண்ட்தான் அந்த யோசனையைச் சொன்னது. தொழுநோயில மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தற ஆபரேஷனை, உட்கார்ந்துகிட்டே செய்யலாம், செய்யறவரும் உட்கார்ந்துதான் செய்யறார். கால் எதுக்கு? முதல்ல மேரிக்கு நம்பிக்கை இல்லை. அப்புறம் சக்கர நாற்காலியில ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போனார். நோயாளிங்க பக்கத்துல இருந்து இதை யோசிச்சுப் பாருங்க. ஊரே ஒதுக்கி வச்ச ஒருத்தருக்கு, தன்னை மாதிரியே உடம்பு முடங்கின ஒரு டாக்டரம்மா வந்து கையைப் பிடிச்சுப் பார்க்கறாங்க.

அதோட அவர் நிக்கலை. ஆஸ்திரேலியாவுல பெர்த் நகர ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன்னைத் தானே பார்த்துக்கறது எப்படின்னு கத்துக்கிட்டார். கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு, நாற்காலியிலேர்ந்து காருக்கு. அங்க முதுகுத்தண்டுப் பிரிவை ஆரம்பிச்சவர் ஜார்ஜ் பெட்புரூக். குட்மான் காட்டின வழிதான் அங்கேயும். திரும்பி வந்தவர், இது நம்ம ஜனங்களுக்கும் வேணுமேன்னு, நியூயார்க்ல ஹோவர்ட் ரஸ்க்கிட்ட மறுவாழ்வு மருத்துவம் படிக்கப் போனார். அமெரிக்காவுல இந்தத் துறைக்கே அப்பான்னு சொல்லப்படறவர் ரஸ்க். மேரி 1963ல வேலூர்ல அந்தத் துறைக்குத் தலைவர் ஆனார். 1966ல பாகாயத்துல, மெயின் ஆஸ்பத்திரியிலேர்ந்து கொஞ்சம் தள்ளி, உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறந்தாங்க. இந்தியாவுல இந்த மாதிரி நிலையங்களுக்கு அதுதான் முன்னோடி. 1972ல பத்மஸ்ரீ. 1986ல மறைஞ்சார். அந்த நிலையம் இன்னிக்கு அவர் பேர்லயே இருக்கு.

ஏன் இவ்வளவு விரிவா சொல்றேன்னா, குட்மான் பண்ணதை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணினா இங்க ஓடியிருக்காது. இங்கிலாந்துல சிப்பாய்க்குப் பென்ஷன் உண்டு, நர்ஸ் உண்டு, தார் ரோடு உண்டு. இங்க வர்றவங்க தென்னை மரத்துலேர்ந்து விழுந்தவங்க, கிணத்துக்குள்ள விழுந்தவங்க, சாரத்துலேர்ந்து விழுந்தவங்க. திரும்பிப் போறது மண் தரை வீட்டுக்கு, வெளியில இருக்கற கக்கூஸுக்கு. அதனால கூட வர்ற குடும்பத்து ஆளையும் சேர்த்துத் தங்க வச்சுப் பயிற்சி கொடுக்கணும். இங்க நர்ஸ் அத்தைதான்.

இன்னொரு கிளைக்கதையும் உண்டு. 1975ல கடற்படை அதிகாரித் தேர்வுக்கு பெங்களூர் போன ராமகிருஷ்ணன்ங்கற பொறியியல் மாணவர், அங்க நடந்த உடல் திறன் சோதனையில விழுந்து கழுத்துக்குக் கீழ செயலிழந்தார். ராணுவ ஆஸ்பத்திரியில அவருக்கு வைத்தியம் பண்ணி, தைரியமும் கொடுத்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹல். தென்காசி பக்கம் சொந்த ஊர் ஆய்க்குடிக்குத் திரும்பி 1981ல ராமகிருஷ்ணன் தொடங்கினதுதான் அமர் சேவா சங்கம். அந்த 'அமர்' அந்த டாக்டரோட பேர். சின்னப் பள்ளிக்கூடமா ஆரம்பிச்சு, மறுவாழ்வு மையம் வரைக்கும் வளர்ந்தது. 2020ல அவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. டாக்டரே இல்லாத ஒருத்தர், பேஷன்ட்டா இருந்து கத்துக்கிட்டதை வச்சுக் கட்டினது.

மாமாவைக் கடைசியில பாகாயம் கூட்டிட்டுப் போனோம். ஒரு வருஷம் லேட். அங்க அத்தைக்கு முதல்ல கொடுத்தது ஒரு கைக்கண்ணாடி. தினமும் காலையில முதுகையும் குதிகாலையும் கண்ணாடியில மாமாவுக்கே காட்டணும், சிவப்பு தெரிஞ்சா அந்தப் பக்கம் படுக்கக் கூடாது. நாற்காலியில உட்கார்ந்திருக்கும்போது கால் மணிக்கு ஒருதடவை ரெண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கிக்கணும். சின்ன டியூபை வச்சு மூத்திரத்தைத் தானே எடுத்துக்கறதுக்கும் சொல்லிக் கொடுத்தாங்க. அதை மாமா மூணு நாள் மாட்டேன்னு அடம் பிடிச்சு, பக்கத்துக் கட்டில் பையன் சர்வசாதாரணமா பண்றதைப் பார்த்துட்டு நாலாவது நாள் கத்துக்கிட்டார். டாக்டர் சொன்னதைவிட அந்தப் பையனைப் பார்த்ததுதான் வேலை செஞ்சுது. மாமாவுக்கு இந்தக் கண்ணாடி பாடத்தை எலும்பு தெரிஞ்ச புண்ணு வர்றதுக்கு முன்னாடி யாராவது நடத்தியிருந்தா, ஏழு மாசமும் அத்தையோட ஆறு பவுனும் மிச்சம்.

சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. 1995ல ஒரு சட்டம் வந்துச்சு. அதுக்குப் பதிலா 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 25ஆம் பிரிவே மருத்துவத்தைப் பத்தினதுதான். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, எல்லாப் பகுதிக்கும் தடையில்லாம போக வழி இருக்கணும், பார்க்கறதுலயும் வைத்தியத்துலயும் முன்னுரிமை தரணும்னு தெளிவா போட்டிருக்கு. நல்ல ஸ்பெக். இம்ப்ளிமென்டேஷனைத்தான் நம்மாளுங்க அடுத்த ரிலீஸுக்குத் தள்ளிக்கிட்டே இருக்காங்க.

போன மாசம் மாமாவுக்கு கிட்னி ஸ்கேன் எடுக்க ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். புதுக் கட்டடம், கண்ணாடி போட்ட லிஃப்ட். லிஃப்ட்டுக்கு முன்னாடி மூணு படி. நானும் வாட்ச்மேனும் நாற்காலியோட தூக்கினோம். உள்ள போனா, எடை என்னன்னு கேட்டாங்க. நிக்க முடியாதவரை எடை பார்க்க அங்க மெஷின் கிடையாது, உத்தேசமா ஒரு நம்பர் போட்டுக்கிட்டாங்க. ஸ்கேன் டேபிள் இடுப்பு உயரம், கீழ இறங்காது. மறுபடியும் நானும் வாட்ச்மேனும். டாய்லெட் கதவு நாற்காலியைவிட நாலு விரல் சின்னது. 1944ல தகர ஷெட்ல வேலை பார்த்த ஆளு இதையெல்லாம் பார்த்தா என்ன சொல்லியிருப்பார்னு நினைச்சேன். கோபக்காரராம், நிறையவே சொல்லியிருப்பார்.

ஸ்கேன்ல கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு. அதைக் கேட்டதும் மாமா, "அப்ப பிரியாணி சாப்பிட்டுட்டுப் போலாம்டா"ன்னார். படி இல்லாத ஹோட்டலைத் தேடி முக்கால் மணி நேரம் சுத்தினோம்.

வீட்டுக்குக் கொண்டு போய் விட்டப்போ அத்தை புது போனை நீட்டினாங்க. பழசு உடைஞ்சிடுச்சாம். இப்போல்லாம் ராத்திரியில நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பினா போதும்னு டாக்டர் சொல்லியிருக்கார். "பதினோரு மணிக்கும் மூணு மணிக்கும் அலாரம் வச்சுக் கொடுப்பா. சத்தமா அடிக்கற பாட்டா பார்த்து வை, இவரு எழுந்துக்க மாட்டாரு, நான்தான் எழுந்துக்கணும்"னாங்க. வச்சுக் கொடுத்துட்டு வந்தேன்.